வங்கில நாலெட்ஜ் மேனேஜ்மென்ட், இன்னோவேஷன் இதெல்லாம் நெஜமாவே போட்டில முன்னால நிறுத்துமா?

எல்சி_டெஸ்க் எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு வங்கில டிரேட் ஃபைனான்ஸ் (ஏற்றுமதி இறக்குமதி வியாபாரம்) பிரிவுல ஆறு வருஷமா இருக்கேன், வேலை பாத்துக்கிட்டே எம்பிஏ படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு எங்க மேடம் கொடுத்த தலைப்பு "வங்கித் துறையில் அறிவு மேலாண்மையும் புதுமையும் போட்டி அனுகூலத்தின் ஊற்றுகள்". படிக்கிற கட்டுரை எல்லாம் ஆமா ஆமான்னுதான் சொல்லுது. ஆனா நான் தினமும் பாக்குறது வேற மாதிரி இருக்கு, அதான் இங்க கேக்குறேன்.

முதல் விஷயம், எந்த வங்கி புதுசா எதைக் கொண்டு வந்தாலும் கொஞ்ச நாள்ல மத்தவங்ககிட்டயும் அதே வந்துடுது. ஆப்ல ஒரு வசதி, வீடியோவுலயே கணக்கு திறக்கிறது, உடனடி கடன், எதை எடுத்தாலும் அப்படித்தான். அப்புறம் அது எப்படி அனுகூலம்?

ரெண்டாவது, எங்க வங்கில நாலு வருஷத்துக்கு முன்னாடி நாலெட்ஜ் போர்ட்டல்னு ஒண்ணு பெரிய விழா வச்சு ஆரம்பிச்சாங்க. இப்ப அதுல தேடினா ஒரே சர்க்குலரோட மூணு வெர்ஷன் வருது, எது நடப்புல இருக்குன்னு தெரியாது. அதனால யாரும் அங்க போறதில்ல. சந்தேகம் வந்தா எல்லாரும் எங்க டெஸ்க்ல இருக்குற ஒரு அக்காகிட்டதான் போவாங்க.

அந்த அக்காவைப் பத்தி சொல்லியே ஆகணும். எல்சின்னா இறக்குமதி பண்றவருக்காக அவரோட வங்கி, கேட்ட டாக்குமென்ட்ஸ் சரியா இருந்தா பணம் கொடுக்குறோம்னு கொடுக்குற உத்தரவாதம். அதுல வர்ற டாக்குமென்ட்ஸ் செக் பண்றதுக்கு யூசிபி 600னு ஒரு விதித் தொகுப்பு இருக்கு, 2007 ஜூலைலேர்ந்து நடப்புல இருக்கு, மொத்தம் 39 ஆர்டிகிள், உலகத்துல ஏறக்குறைய எல்லா வங்கிக்கும் அதேதான். அப்ப யார் செக் பண்ணாலும் ஒரே மாதிரிதானே இருக்கணும்? இல்ல. போன மாசம் ஒரு டாக்குமென்ட் செட் வந்துச்சு, நான் அரை மணி நேரம் பாத்துட்டு சரியா இருக்குன்னு கையெழுத்து போடப் போனேன். அக்கா பேப்பரை வாங்கி பில் ஆஃப் லேடிங்கையும் (சரக்கைக் கப்பல்ல ஏத்தினதுக்கான ரசீது) இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட்டையும் மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க, தேதியில விரலை வச்சாங்க. சரக்கு கப்பல்ல ஏறின தேதிக்கு ரெண்டு நாள் கழிச்சுதான் இன்சூரன்ஸ் போட்டிருக்கு, முன்னாடி தேதிலேர்ந்து கவர் ஆகும்னு ஒரு வரியும் இல்ல. ஒரு நிமிஷம் கூட ஆகல. எப்படிக்கா கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டா, "அவசரமா அனுப்புன செட்டு மாதிரி இருந்துச்சும்மா, அவசரத்துல மறக்கிறது இன்சூரன்ஸ்தான்"னு சொன்னாங்க.

எட்டு மாசத்துல அவங்க ரிட்டயர் ஆகுறாங்க. போர்ட்டல்ல அவங்க பேர்ல ஒரு டாக்குமென்ட் கூட கிடையாது.

என் கேள்வி இதான். போட்டி அனுகூலம்னு புக்ல சொல்றது போர்ட்டலா, ஆப்பா, அந்த அக்காவா? இதை நான் ப்ராஜெக்ட்ல எப்படி எழுதுறது?

---

பழைய_லெட்ஜர் எழுதினது:

அம்மா, நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. நான் கடன் பிரிவுல முப்பது வருஷத்துக்கு மேல இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

உங்க முதல் சந்தேகம் சரிதான். ஏடிஎம்மையே எடுத்துக்கோங்க. 1967 ஜூன் 27ஆம் தேதி பார்க்லேஸ் லண்டன்ல என்ஃபீல்டு கிளைல வச்சாங்க. பத்து நாள் கூட ஆகல, ஸ்வீடன்ல உப்சாலால ஒண்ணு வந்தாச்சு. ஜூலை முடியறதுக்குள்ள அதே இங்கிலாந்துல வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியும் வச்சாச்சு. இது ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சதுன்னு கூட சொல்ல முடியாது, எல்லாரும் தனித்தனியா அதையேதான் செஞ்சிட்டு இருந்திருக்காங்க. கேள்வி ஒண்ணாயிருந்தா விடையும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் வரும். பேங்க்ல புதுசா ஒரு பொருள் கொண்டு வந்தா அதை பேட்டன்ட் போட்டு பூட்டி வைக்கிறதும் மருந்து கம்பெனி மாதிரி சுலபம் இல்ல, நம்ம பொருளோட நிபந்தனைகள் அச்சடிச்சு வாடிக்கையாளர் கைல போயிடுதே.

ஆனா 1989ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதை உங்க ப்ராஜெக்ட்ல கண்டிப்பா சேருங்க. முதலீட்டு வங்கிகள் கொண்டு வந்த 58 புது வகை நிதிப் பொருட்களை எடுத்துப் பாத்தாங்க. முதல்ல கொண்டு வந்தவன் மத்தவன் வர்றதுக்கு முன்னாடி நல்லா கட்டணம் வாங்கி சம்பாதிச்சிருப்பான்னுதானே நினைப்போம்? அப்படி நடக்கல. முன்னாடியும் அதிகம் வாங்கல, பின்னாடியோ போட்டியாளரை விட குறைவாவே வாங்கியிருக்கான். ஆனா அந்தப் பொருள்ல நடக்குற வியாபாரத்துல பெரிய பங்கு அவன்கிட்டதான் இருந்திருக்கு. என் புரிதல் என்னன்னா, முதல்ல செஞ்சவனுக்கு அதை எப்படி செய்யணும்னு கை பழகிடுச்சு, அதனால குறைஞ்ச செலவுல செய்ய முடியுது. பொருளை எடுத்துட்டுப் போலாம், கைப்பழக்கத்தை எப்படி எடுத்துட்டுப் போறது?

இன்னொரு சம்பவம். இதை நான் பயிற்சி வகுப்புல எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். 1958 செப்டம்பர்ல பேங்க் ஆஃப் அமெரிக்கா ஃப்ரெஸ்னோ ஊர்ல யாரும் கேக்காமலே அறுபதாயிரம் கிரெடிட் கார்டை தபால்ல அனுப்பினாங்க. நாலு சதவீதம் பேர் கட்டாம போவாங்கன்னு கணக்கு போட்டாங்க, வந்தது 22 சதவீதம். திருட்டு, மோசடி, வசூல் பண்ண ஆளே சரியா இல்ல. கோடிக்கணக்குல நஷ்டம். ஆனா விடல. வசூல் பிரிவை ஒழுங்கு பண்ணி, மோசடியைக் கண்காணிக்க ஆள் போட்டு, மூணே வருஷத்துல அதை லாபத்துக்குக் கொண்டு வந்தாங்க. அந்தக் கார்டுதான் பின்னாடி 1976ல விசான்னு பேர் மாறினது.

இப்ப கவனிங்க. எட்டு வருஷம் கழிச்சு, 1966ல, சிகாகோல உள்ள வங்கிகள் எல்லாம் கிறிஸ்துமஸ் வியாபாரத்தை நினைச்சு போட்டி போட்டுக்கிட்டு இதே மாதிரி லட்சக்கணக்குல கார்டை தபால்ல அனுப்புனாங்க. அதே திருட்டு, அதே மோசடி, சின்னப் பிள்ளைங்க பேருக்கும் செத்தவங்க பேருக்கும் கூட கார்டு போச்சு. ஃப்ரெஸ்னோல நடந்தது ஊருக்கே தெரிஞ்ச கதை. கார்டை காப்பி அடிச்சாங்க, தபால்ல அனுப்புற முறையையும் காப்பி அடிச்சாங்க, அடி வாங்கினவன் கத்துக்கிட்டதை மட்டும் காப்பி அடிக்க முடியல. கடைசில 1970ல கேக்காம கார்டு அனுப்பவே கூடாதுன்னு அமெரிக்கால சட்டம் வந்துச்சு.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், போர்ட்டலும் இல்ல ஆப்பும் இல்ல. அந்த அக்காதான், ஆனா அக்கா கத்துக்கிட்டது அடுத்த ஆளுக்குப் போய்ச் சேர்ற வழி உங்க வங்கில இருந்தாத்தான் அதை வங்கியோட அனுகூலம்னு சொல்லலாம். இல்லேன்னா அது அக்காவோட அனுகூலம் மட்டும்தான்.

---

நைட்_பேட்ச் எழுதினது:

லெட்ஜர் சார் சொன்னதோட ஒத்துப் போறேன், ஐடி பக்கத்துலேர்ந்து ரெண்டு விஷயம் சேக்குறேன்.

அறிவுன்னா ஆளுங்க தலைக்குள்ள இருக்குறது மட்டும் இல்ல, பழைய ப்ரோக்ராம்லயும் இருக்கு, அதை யாரும் அறிவுன்னு கணக்குல எடுக்கிறதில்ல. நான் வேலை பாத்த ஒரு வங்கில ராத்திரி தானா ஓடுற ப்ரோக்ராம் வரிசைல ஒரு ஜாப் எதுவுமே செய்யாம இருபது நிமிஷம் சும்மா நிக்கும். கமென்ட் இல்ல, எழுதினவர் ஓய்வு பெற்று போயாச்சு. புது சிஸ்டத்துக்கு மாத்தும்போது இது வேஸ்ட்னு தூக்கிட்டோம், ராத்திரி வேலை இருபது நிமிஷம் சீக்கிரம் முடியுதுன்னு பாராட்டு வேற. மூணு வாரம் ஒண்ணும் ஆகல. மாசக் கடைசி ராத்திரி வேற நெட்வொர்க்லேர்ந்து வர்ற ஏடிஎம் செட்டில்மென்ட் ஃபைல் லேட்டா வந்துச்சு, எங்க ஜாப் காத்திருக்காம ஓடிடுச்சு, காலைல ஆயிரக்கணக்கான கணக்குல இருப்பு தப்பு. அந்த இருபது நிமிஷம் அதுக்குத்தான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. மனுஷன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தா போதும், "மாசக் கடைசில ஃபைல் லேட்டா வரும், அதுக்காக"ன்னு. என்ன செய்யுதுங்கிறதை கோடைப் படிச்சாலே தெரிஞ்சுக்கலாம், ஏன் செய்யுதுங்கிறதை எழுதி வச்சாத்தான் உண்டு. அதுலேர்ந்து எந்த டாக்குமென்ட் எழுதினாலும் ஏன்ங்கிறதைத்தான் முதல்ல எழுதுறேன்.

பெரிய அளவுல பாக்கணும்னா டிஎஸ்பி வங்கி, பிரிட்டன்ல, 2018 ஏப்ரல். பழைய தாய் வங்கியோட சிஸ்டத்துலேர்ந்து ஸ்பெயின்ல உள்ள புது தாய் வங்கியோட சிஸ்டத்துக்கு ஒரே வார இறுதில அத்தனை பேரையும் மாத்தினாங்க. கிட்டத்தட்ட 19 லட்சம் பேரால தங்களோட கணக்குக்குள்ளயே போக முடியல. 2022 டிசம்பர்ல கண்காணிப்பு அமைப்புகள் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல அபராதம் போட்டாங்க. புது சிஸ்டம் மோசம்னு நான் சொல்ல வரல, ஒரு இடத்துல நல்லா ஓடுறது இன்னொரு இடத்துக்கு வரும்போது அந்த இடத்தோட நுணுக்கம் தெரிஞ்ச ஆளுங்க சொல்றதைக் கேட்டு, படிப்படியா சோதிச்சு மாத்தணும், அதுக்கு அவகாசம் கொடுக்காம தேதியைத் துரத்தினா இப்படித்தான் ஆகும்.

இன்னோவேஷன்ங்கிறதுல இதையும் சேத்துக்கோங்க. எந்த வங்கியால தன்னோட பழைய சிஸ்டத்தை பயமில்லாம தொட முடியுதோ அந்த வங்கிதான் புதுசா எதையாவது சீக்கிரம் கொண்டு வர முடியும். தொடவே பயந்தா ஆப்போட கலரை மட்டும்தான் மாத்திக்கிட்டு இருக்க முடியும்.

---

ஆடிட்_குறிப்பு எழுதினது:

எல்லாரும் அந்த அக்காவைப் புகழ்றீங்க, அவங்க மேல எனக்கும் மரியாதை இருக்கு, ஆனா ஆடிட்ல இருக்குற எனக்கு அதைப் படிச்சதும் முதல்ல வந்தது பயம்தான்.

ஒரே ஆளுக்குத்தான் எல்லாம் தெரியும்னா அது ஆபத்தும்தான். அந்த ஆள் நல்லவங்களா இருந்தா ரிட்டயர் ஆகும்போது நஷ்டம், வேற மாதிரி ஆளா இருந்தா என்ன ஆகும்? பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரில விழுந்தது 82 கோடியே 70 லட்சம் பவுண்டு நஷ்டத்துல. சிங்கப்பூர்ல நிக் லீசன் வியாபாரமும் பண்ணாரு, அந்த வியாபாரத்தைக் கணக்கு எழுதி சரிபாக்குற வேலையும் அவர் கைலயே இருந்துச்சு. 88888ங்கிற கணக்குல நஷ்டத்தை மறைச்சு வச்சிருந்தாரு. அங்க என்ன நடக்குதுன்னு லண்டன்ல மேல இருந்தவங்களுக்குப் புரியல, ஆனா லாபம் வருதுன்னு சந்தோஷமா இருந்தாங்க. 200 வருஷத்துக்கு மேல இருந்த வங்கி, ஒரு பவுண்டுக்கு வித்துட்டாங்க.

அதனாலதான் பல வங்கிகள்ல முக்கியமான இடத்துல இருக்குறவங்க வருஷத்துல தொடர்ந்து ரெண்டு வாரம் கட்டாய லீவ் எடுத்தே ஆகணும்னு வச்சிருக்காங்க. மோசடி வெளிய வரட்டும்னுதான் அந்த விதி. ஆனா எல்சி_டெஸ்க், நான் இத்தனை வருஷத்துல பாத்ததுல அறிவு மேலாண்மைக்கு இதை விட நல்ல கருவி எதுவும் இல்ல. ஒருத்தர் ரெண்டு வாரம் இல்லாம இருக்கும்போது வேற ஒருத்தர் அந்த நாற்காலில உக்காந்தா, எது எழுதப்படல, எது அவங்க தலைல மட்டும் இருந்துச்சுன்னு அவ்வளவும் மேல வந்துடும். அந்த ரெண்டு வாரத்துல ஃபோன் போட்டு கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்ல எழுதுங்க. அந்த நோட்தான் உங்க வங்கில இல்லாத டாக்குமென்டோட பட்டியல். எந்த கன்சல்டன்ட்டும் இவ்வளவு துல்லியமா எடுத்துக் கொடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, தப்பை மறைக்காம சொல்ற பழக்கம். பாசல் 2ங்கிற வங்கிகளுக்கான சர்வதேச விதித் தொகுப்பு வந்த பிறகு வங்கிகள் நடைமுறைத் தவறால வந்த நஷ்டத்தை எல்லாம் ஏழு வகையாப் பிரிச்சு பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம். ஆனா பல இடத்துல அது மூலதனக் கணக்கு போடுறவங்களுக்கு மட்டும் போற டேட்டாவா நின்னுடுது, கவுன்டர்ல இருக்குறவங்களுக்கு திரும்பி வர்றதே இல்ல. பணம் போய் பதிவும் பண்ணியாச்சு, யாரும் கத்துக்கல. தப்பு சொன்னவனுக்கு மெமோ கொடுக்குற ஆபீஸ்ல எந்த போர்ட்டல் வச்சாலும் அது காலியாத்தான் கிடக்கும்.

---

ஃப்ளோட் எழுதினது:

நான் பேமென்ட்ஸ் பக்கம். சுருக்கமா ஒண்ணு.

எம்பெசாங்கிற மொபைல் ஃபோன் பணச் சேவையைப் பத்தி எழுதுங்க. கென்யால 2005ல சோதனை பண்ணும்போது அது சிறுகடன் தவணை கட்டுறதுக்கான திட்டம். ஆனா ஜனங்க அதை வச்சு ஒருத்தருக்கு ஒருத்தர் பணம் அனுப்ப ஆரம்பிச்சாங்க. இது நம்ம திட்டத்துல இல்லையேன்னு தடுக்காம, என்ன பண்றாங்கன்னு பாத்து, 2007 மார்ச்ல வீட்டுக்குப் பணம் அனுப்புற சேவையாவே வெளிய விட்டாங்க. கண்டுபிடிச்சது வாடிக்கையாளர்தான், கம்பெனி கவனிச்சுது.

அதே பேர்ல அதே குழுமம் தென்னாப்பிரிக்கால 2010ல ஆரம்பிச்சாங்க, நடுவுல மறுபடி புதுசா ஆரம்பிச்சும் பாத்தாங்க, 2016ல மூடிட்டாங்க. அங்க வங்கிக் கணக்கு வச்சிருக்குறவங்க ஏற்கெனவே நிறைய, தேவையே வேற. சாஃப்ட்வேர் கைல இருந்தும் போதல. இந்த மாதிரி சேவைல ஏஜென்ட் கடைல ரொக்கமும் இருக்கணும், ஃபோன்ல ஃப்ளோட்டும் (ஏஜென்ட் கணக்குல இருக்குற மின்னணுப் பணம்) இருக்கணும், ரெண்டுல ஒண்ணு தீந்தாலும் வந்த ஆள் திரும்பிப் போயிடுவாரு, ரெண்டு தடவ திரும்பிப் போனா அப்புறம் வரவே மாட்டாரு. எந்தக் கிழமைல எந்தக் கடைல எது தீரும்ங்கிறது எந்த மென்பொருளோடவும் சேந்து வராது, அந்த ஊர்ல நடந்து நடந்துதான் கத்துக்கணும்.

---

எல்சி_டெஸ்க் எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விளக்கமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல.

ஆடிட்_குறிப்பு சொன்னதைப் படிச்சுட்டு எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்துச்சு. அக்கா போன வருஷம் பத்து நாள் லீவ்ல இருந்தப்ப புதுசா வந்த ஒரு தம்பி ஒரு செட்டை ரெஜெக்ட் பண்ணி நோட்டீஸ் அனுப்பினான், அதுல ரெண்டு டிஸ்க்ரெபன்சி, அதாவது டாக்குமென்ட்ல இருக்குற தப்பு, எழுதியிருந்தான். மறுநாள் மூணாவதா ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அதுதான் பெரிய தப்பு, இன்னொரு நோட்டீஸ் அனுப்பினான். ஆனா விதிப்படி ஒரே ஒரு நோட்டீஸ்தான், எல்லா தப்பையும் அதுலயே சொல்லணும், அஞ்சு வங்கி வேலை நாளுக்குள்ள. முதல் ரெண்டையும் அந்தப் பக்கம் திருத்தி அனுப்பிட்டாங்க, மூணாவதை நாங்க எழுப்பவே முடியாம போயிடுச்சு, பணம் கொடுக்க வேண்டியதாப் போச்சு. அவன் ஆர்டிகிள் 16ஐப் படிச்சவன்தான், தேர்வுல அதுக்கு மார்க் கூட வாங்கியிருக்கான். அக்கா வந்து சொன்னது, "முதல் தப்பு கிடைச்ச உடனே செட்டை மூடாத, கிடைச்ச சந்தோஷத்துலதான் அடுத்தது தப்பிக்கும்". இதை யாரும் எழுதி வைக்கல. அந்தத் தம்பியும் வேற வங்கிக்குப் போயிட்டான், அதாவது நாங்க காசு கொடுத்து கத்துக்கிட்ட பாடம் இப்ப போட்டியாளர்கிட்ட இருக்கு.

ப்ராஜெக்டை இப்படி மாத்தலாம்னு நினைக்கிறேன், போர்ட்டல்ல எத்தனை டாக்குமென்ட், எத்தனை லாகின்னு எண்ணாம, எங்க டெஸ்க்கையே எடுத்துக்கிட்டு ஒரு ஆள் வந்ததிலேர்ந்து தனியா கையெழுத்து போட எத்தனை மாசம் ஆகுது, ஒரே மாதிரி தப்பு வருஷத்துல எத்தனை தடவ திரும்ப வருது, இந்த ரெண்டையும் அளக்கலாம்னு. சரியா வருமா?

அப்புறம் அக்காகிட்ட உக்காந்து எழுதிக்கலாம்னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு "எனக்கு என்னம்மா தெரியும், எல்லாம் விதில இருக்குறதுதான்"னு சொல்லிட்டாங்க. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

---

பழைய_லெட்ஜர் எழுதினது:

அளக்குற விஷயம் ரெண்டும் நல்லா இருக்கு. மூணாவதா ஒண்ணு சேருங்க, வேலையை விட்டுப் போனவங்க கையில என்ன கொண்டு போனாங்கன்னு. அளக்கக் கஷ்டம்தான், ஆனா அந்தத் தம்பி கதையை எழுதினாலே போதும்.

அக்கா சொன்னது தன்னடக்கம் இல்ல, நெஜமாவே அவங்களுக்கு தனக்கு என்ன தெரியும்னு தெரியாது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஓய்வு பெறுறதுக்கு முன்னாடி உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்கன்னு ஒரு ஃபாரம் கொடுத்தாங்க, உக்காந்து பாத்தேன், "கடனாளியை நேர்ல பாக்கவும்"ங்கிற மாதிரி நாலு வரிக்கு மேல வரல. ஆனா ஒரு பையன் ஒரு கடன் மனுவைக் கொண்டு வந்து காட்டி இதுல என்ன சார் தப்புன்னு கேட்டா ஒரு மணி நேரம் பேசுவேன். சரக்கு இருப்பு விவரத்துல ஒவ்வொரு மாசமும் எண்ணிக்கை ரவுண்டா முடியுதே, கோடவுன்ல எண்ணிப் பாத்து எழுதினா அப்படி வருமான்னு நான் கேட்டது அப்படி ஒரு பேச்சுலதான். அது எனக்குத் தெரியும்னே அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது.

அதனால அவங்ககிட்ட எழுதிக் கொடுங்கன்னும் கேக்காதீங்க, என்ன தெரியும்னும் கேக்காதீங்க. உங்க பிரிவுல திருப்பி அனுப்புன பழைய செட்டு நகல் இருக்கும், அதுல ஒரு பத்து எடுங்க, ரெஜெக்ஷன் நோட்டீஸை மட்டும் உருவி வச்சுட்டு கொடுங்க. நடுநடுவுல சரியா இருந்த செட்டு ரெண்டும் கலந்து வைங்க. அவங்க எந்தப் பேப்பரை முதல்ல எடுக்குறாங்க, எதை எதோட பக்கத்துல வைக்கிறாங்க, எங்க விரல் நிக்குதுன்னு பாத்து எழுதுங்க. பக்கத்துல புதுசா வந்த ஒருத்தரையும் உக்கார வைங்க, அவங்க கேக்குற கேள்விக்கு அக்கா பதில் சொல்வாங்க, உங்களுக்கு சொல்ல மாட்டாங்க, ஏன்னா உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுக்குவாங்க.

வாரம் ஒரு மணி நேரம் போதும். எட்டு மாசம் இருக்கு, இந்த வாரமே ஆரம்பிங்க.